செடிக்கு அடிக்கும் மருந்து நுரையீரலுக்குப் போகும்

கனடாவில் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மாகாணங்களில் வயதுவந்தோர் தங்கள் வீட்டில் நான்கு செடிகள்வரை வளர்க்க அது இடம் தருகிறது. கணக்கு வீட்டுக்குத்தான், ஆளுக்கில்லை. ஒரே கூரையின் கீழ் ஆறு பேர் இருந்தாலும் நான்கு செடிகள்தான். கடையில் விற்கும் கஞ்சாவை உரிமம் பெற்ற நிறுவனங்கள் பூஞ்சணம், பார உலோகங்கள், பூச்சிநாசினி எச்சம் ஆகியவற்றுக்காகப் பரிசோதித்த பிறகே வெளியே விடவேண்டும். வீட்டில் விளைவதற்கு அப்படி ஒரு சோதனையும் கிடையாது. செடிக்கு என்ன நோய் என்று பார்ப்பது, என்ன மருந்து அடிப்பது என்று தீர்மானிப்பது, விளைந்ததைப் பயன்படுத்தலாமா என்று முடிவெடுப்பது எல்லாம் வளர்ப்பவர் தலையில்தான் விழுகிறது.

கஞ்சா வளர்க்கும்படி தூண்ட இதை எழுதவில்லை. இளவயதினரின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. மனநோய்க்குச் சாய்வுள்ள குடும்பங்களில் ஆபத்து இன்னும் கூடுதல். ஆனால் சட்டம் அனுமதித்த ஒன்றை வெட்கத்தால் பேசாமல் விட்டால், வளர்ப்பவர் யாரிடமும் கேட்காமல் கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தெளிப்பார். அந்த இடத்தில்தான் பெரிய தீங்கு நடக்கிறது.

செடி வாடினால் கை தானாகத் தண்ணீரைத் தேடுகிறது. வீட்டுக்குள் சாடியில் வளரும் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான் கெடுகின்றன. வேர் மூச்சுவிட மண்ணில் காற்று வேண்டும். மண் எந்நேரமும் ஈரமாகவே இருந்தால் காற்றுக்குரிய இடத்தில் தண்ணீர் நிற்கும். வேர் பழுப்பாகி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் செடி மறுபடி வாடும். வாட்டத்தைப் பார்த்தவர் இன்னும் ஊற்றுவார். இரண்டு வாட்டங்களையும் பிரித்தறிவது கடினமில்லை. தண்ணீர் போதாத செடியின் இலை துவண்டு, காகிதம்போல மெலிந்திருக்கும். சாடியைத் தூக்கினால் பாரமே இராது. தண்ணீர் கூடிய செடியின் இலை காம்போடு சேர்ந்து கீழே வளைந்து, தடித்து விறைப்பாக நிற்கும், சாடி கனக்கும். விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அந்த ஆழம் காய்ந்த பிறகே ஊற்றவேண்டும். சாடிக்கு அடியில் துளை இருக்கவேண்டும், தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும்.

இலை மஞ்சளாவதற்கும் பல காரணங்கள் உண்டு. அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, அது மெல்ல மேலே ஏறினால் தழைச்சத்துக் குறைவு. புதுத் தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இருந்தால் இரும்புச்சத்து செடிக்கு எட்டவில்லை. மண்ணில் இரும்பு இருந்தும், அதன் கார நிலை கூடிவிட்டால் வேரால் எடுக்க முடியாது. கார அமிலநிலையின் அளவுகோலில் 6க்கும் 7க்கும் இடையில் மண் இருப்பது நல்லது. இலை நுனி மட்டும் கருகினால் அநேகமாக உரம் மிஞ்சிவிட்டது. இந்த நிலையில் மேலும் உரம் போடுவது செடியைக் கொல்லும்.

சாடி மண்ணைச் சுற்றிக் கறுப்பாகச் சிற்றீக்கள் பறந்தால் அதுவும் ஈரம் கூடியதன் அடையாளம். அவற்றின் புழுக்கள் ஈரமண்ணில் பூஞ்சணத்தையும் இளவேர்களையும் தின்னும். மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் நிற ஒட்டட்டைகளை வைத்தாலே பெருமளவு குறைந்துவிடும். செஞ்சிலந்தி அப்படி எளிதில் போகாது. இலையின் மேற்புறம் ஊசி குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும். முற்றினால் மெல்லிய வலை பின்னும். ஊரில் வெண்டியையும் ரோஜாவையும் தாக்கும் அதே பூச்சிதான். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வறண்ட வீட்டில் அது வேகமாகப் பெருகும். நம்மவர் வீடுகளில் சன்னலோரம் கறிவேப்பிலைச் சாடியும் மிளகாய்ச் சாடியும் இருக்கும். பூச்சி ஒரு சாடியிலிருந்து மற்றதற்குத் தாவும். அதைவிட மோசம், ஒன்றுக்கு அடிக்கும் மருந்து மற்றதில் படிந்து கறிச்சட்டிக்குப் போவது.

காய்கறியில் படிந்த மருந்தைக் கழுவலாம், தோல் சீவலாம், சமைக்கலாம். அதன்பிறகும் எஞ்சுவதை வயிறும் ஈரலும் ஓரளவு கையாளும். புகைக்கும் பொருளில் படிந்தது நேராக நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் போகிறது. வடிகட்டி இல்லாத குழாயில் புகைக்கும்போது கஞ்சாவில் உள்ள சில பூச்சிநாசினிகளில் 70 சதவீதத்துக்குக் கிட்டிய பங்கு புகையோடு வந்துசேர்கிறது என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சில மருந்துகள் சூட்டில் வேறு நஞ்சாகவும் மாறும். மைக்ளோபுட்டனில் என்ற பூஞ்சணநாசினி திராட்சை முதலிய பழப்பயிர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. எரியும்போது அது ஹைட்ரஜன் சயனைட்டை வெளியிடும். 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் கனடாவில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் மருத்துவக் கஞ்சாவில் இதன் எச்சம் இருப்பது தெரிந்து சரக்குகள் திரும்பப் பெறப்பட்டன. நோயாளிகள் வாங்கிய மருந்து அது. பூச்சிநாசினிப் பரிசோதனை 2019 ஜனவரியில் கட்டாயமானதற்கு அந்த அதிர்ச்சி ஒரு முக்கிய காரணம். அங்கே கண்டுபிடிக்கப்பட்ட அளவு மிகச் சிறியது. வீட்டில் ஒருவர் கண்ணளவுக்குக் கலந்து, பூத்த செடிமேல் அடிப்பதன் அளவு யாருக்குத் தெரியும்?

கனடாவில் எந்தப் பூச்சிநாசினிப் போத்தலிலும் பதிவு எண் இருக்கவேண்டும். லேபிளில் எழுதிய பயிருக்கு, எழுதிய முறையில்தான் பயன்படுத்தலாம். ரோஜாவுக்கு என்று எழுதியிருப்பதைக் கஞ்சாவுக்கு அடிப்பது சட்டப்படியும் தவறு. கஞ்சாவுக்கு அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலை ஹெல்த் கனடாவின் பூச்சிநாசினிப் பிரிவு வெளியிடுகிறது. பொட்டாசியம் சோப்பு, பொட்டாசியம் பைகார்பனேட், சில நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் போன்ற மென்மையானவையே அதில் பெரும்பாலும் இருக்கும். வேப்பெண்ணெயையும் சொல்லவேண்டும், நாம் முதலில் எடுப்பது அதைத்தான். இயற்கையானது என்பதால் எரித்து உள்ளிழுக்கப் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. பதிவு எண்ணும் கஞ்சா என்ற பெயரும் இல்லாத போத்தலைத் தொடவேண்டாம். ஊரிலிருந்து பயணப்பெட்டியில் வந்த பூச்சிமருந்தைக் கனவிலும் தொடவேண்டாம். பூ வைத்த செடிமேல் எதையும் தெளிக்காமல் இருப்பதே என் அழுத்தமான பரிந்துரை. பூச்சி மீறிப் போனால் அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள். சட்டம் இன்னொன்று நடத் தடை சொல்லவில்லை.

அறுவடை நெருங்கும் நேரத்தில் வேறோர் எதிரி வரும். செப்டெம்பர் கடைசியில் ரொறன்ரோவின் ஈர இரவுகளில், வெளியே வளரும் செடியின் அடர்ந்த பூவுக்குள் சாம்பல் பூசணம் பிடிக்கும். வெளியே ஓர் இலை மட்டும் காய்ந்திருக்கும். பூவைப் பிரித்தால் உள்ளே பழுப்பாகிப் பொடியும். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியைக் காயவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். சரியாகக் காயாத பூவில் வளரும் அஸ்பர்ஜிலஸ் போன்ற பூஞ்சணங்கள் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் நுரையீரலில் குடியேறி உயிரையே எடுக்கக்கூடும். புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டலுக்காக வளர்ப்பவர்தான் இதில் மிகவும் ஆபத்தில் இருப்பவர்.

மண்ணிலும் கவனம் வேண்டும். காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்பு இச்செடிக்கு உண்டு. 1960க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பெயின்ற் உதிர்ந்த மண் சுவரோரம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மண்ணில் கீரையும் நடக்கூடாது. சாடியும் கடையில் வாங்கிய புதுமண்ணும் போதும். நிலத்தில்தான் நடவேண்டும் என்றால் பரிசோதனைக் கூடத்துக்கு மண் கொடுத்துப் பார்த்துவிட்டு நடுங்கள்.

இனிச் சட்டம். கியூபெக்கில் வீட்டில் ஒரு செடி வளர்க்கவும் அனுமதியில்லை. மாகாணத்துக்கு அந்த அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மானிடோபா தன் தடையை 2025 மே மாதம் நீக்கியது. நியூ பிரன்சுவிக்கில் செடி பூட்டிய இடத்தில் இருக்கவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொது இடத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது. ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவர் முதலில் ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டும். வளர்க்கக்கூடாது என்று அதில் இல்லையென்றால், ஒப்பந்தக் காலத்தின் நடுவே வீட்டுக்காரர் தன்னிச்சையாக அந்த விதியைச் சேர்க்க முடியாது. வெளியேறச் சொன்னாலும் வீட்டுக்காரர்-வாடகைக்காரர் தீர்ப்பாயத்தின் கட்டளை வேண்டும். ஆனால் ஈரத்தால் பேஸ்மென்ட் சுவரில் பூஞ்சணம் படர்ந்தால், மின்விளக்குகளால் வயரிங் கெட்டால், அந்தச் சேதத்துக்காக அவர் வழக்குப் போடலாம். கொண்டோவில் நிர்வாகத்தின் விதிகள் தனி. வீட்டுக் காப்புறுதி எடுத்தவர்கள் செடி இருப்பதை நிறுவனத்துக்குச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கி வைப்பது நல்லது.

புதிதாக வந்தவர்கள் கட்டாயம் அறியவேண்டியது வேறொன்று. அனுமதித்த எண்ணிக்கையை மீறி வளர்ப்பது, விற்பது, 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுப்பது ஆகியவற்றுக்கு அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. அதிகபட்சம் 10 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்ட நிரந்தர வதிவாளரைக் குடிவரவுச் சட்டம் பாரதூரக் குற்றம் புரிந்தவராகக் கொள்கிறது. நீதிமன்றம் விதித்தது சிறு தண்டப்பணமாக இருந்தாலும் சரி, அந்தஸ்தே போகலாம். ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டு விரைவில் முடித்துவிடுவோம் என்று யார் சொன்னாலும், குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வசதியில்லாதவர்கள் சமூகச் சட்ட உதவி நிலையங்களை நாடலாம். விதையையோ பூவையோ எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் கூடாது, மருத்துவ அனுமதி இருந்தாலும்கூட. இந்தியாவில் ஒரு செடி வளர்த்தாலே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி 10 ஆண்டுவரை சிறை.

காயவைத்த பூவையும் மருந்துப் போத்தல்களையும் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். பிள்ளை எதையாவது வாயில் போட்டுவிட்டு அசாதாரணமாகத் தூங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே 911ஐ அழையுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் நஞ்சுத் தகவல் நிலையத்தைக் கேட்கலாம்: 1-844-764-7669. கியூபெக்கில் 1-800-463-5060. மருத்துவமனையில் வெட்கத்தாலும் பயத்தாலும் உண்மையை மறைக்கிற பெற்றோரால் சிகிச்சை தாமதமாகிறது. கஞ்சா என்று சொல்லுங்கள், செடிக்கு என்ன அடித்தீர்கள் என்றும் சொல்லுங்கள், அந்தப் போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள்.