ஒரே சொல், இரண்டு வகுப்பறைகள்

நீதிமன்ற வளாகத்தில் ஒரு வழக்கறிஞர் ‘நான் கிரிமினல் சைடு’ என்பார். அதையே எழுத்தில் ‘குற்றவியல் வழக்கறிஞர்’ என்று போடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறைக்குப் போனால் அதே சொல்லுக்கு வேறு பொருள். குற்றம் ஏன் நடக்கிறது, எங்கே குவிகிறது, யார் அதற்கு இரையாகிறார்கள், தண்டனை முடிந்து வெளியே வந்தவர் என்ன ஆகிறார் என்று ஆராயும் சமூக அறிவியல் அது. தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறது. இந்தக் குழப்பத்தில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பிரித்து வைத்திருப்பவை பல்கலைக்கழகங்கள்தான். சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டு இருந்துவிட்டு, குற்றம் பற்றிய ஓர் ஆய்வையும் புரட்டாமல் கறுப்புக் கோட்டு மாட்டிவிடலாம். குற்றவியலில் முதுகலை முடித்தவர் ஒரு தீர்ப்பையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்காமல் பட்டம் வாங்கிவிடலாம். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வதற்கு, ‘கூடுதலாகத் தெரிந்துகொண்டால் நல்லதுதானே’ என்பதைவிட வலுவான காரணம் இருக்கிறது: சட்டமே இப்போது குற்றவியலின் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் பாருங்கள். பதினாறு நிரம்பி, பதினெட்டு ஆகாத ஒரு பையன் கொடுங்குற்ற வழக்கில் சிக்கினால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவ்வளவுதான் குழுமம். அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல் வலுவும் மன வலுவும் அவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். அவன் செய்தானா இல்லையா என்பது இந்தக் கட்டத்தில் கேள்வியே இல்லை. ‘கொலை செய்தால் ஜெயில் என்று தெரியும்’ என்று பையன் சொன்னால், விளைவு புரிந்ததாகிவிடுமா? கூட்டாளிகள் சூழ்ந்து நிற்கும்போது அந்த வயதுப் பையன் எடுக்கும் முடிவு வேறு, தனியே உட்கார்ந்து யோசித்து எடுக்கும் முடிவு வேறு என்று வளரிளம் பருவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால், வல்லுநர் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லதுதான். ஆனால் வல்லுநரின் அறிக்கை மேசைக்கு வந்த பிறகு, அதைப் படித்து அதன் ஓட்டையைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க வேண்டியவர் வழக்கறிஞர். அதற்கான பயிற்சியை அவருக்குக் கொடுத்தது யார்?

தண்டனையின் அளவை முடிவு செய்யும் நேரத்தில் இந்த இடைவெளி இன்னும் அப்பட்டமாகத் தெரியும். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது பழைய நடைமுறைச் சட்டத்திலும் உண்டு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் உண்டு. வழக்கு மாதக்கணக்கில் நடந்திருக்கும். இந்தக் கட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதும் உண்டு. ‘முதல் குற்றம் ஐயா, வயதான தாயார் இருக்கிறார், கருணை காட்ட வேண்டும்.’ இவ்வளவுதான் வாதம். மரண தண்டனை வழக்கில், குற்றவாளி திருந்தவே மாட்டார் என்பதை அரசு சான்றோடு காட்ட வேண்டும் என்று பச்சன் சிங் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சான்று எப்படி இருக்க வேண்டும் என்று விளக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2022-இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில்தான் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, சிறை நடத்தை பற்றிய அறிக்கை, உளவியல் மதிப்பீடு எல்லாம் வேண்டும் என்று வழிமுறை வகுக்கப்பட்டது. ‘திருந்துவாரா’ என்பது எந்தப் பிரிவிலும் விடை கிடைக்காத கேள்வி. அதைச் சட்டம் கேட்டுவிட்டு, விடை சொல்லும் கலையைக் கட்டாயப் பாடத்திட்டத்துக்கு வெளியே விட்டுவைத்திருக்கிறது.

சட்டம் இயற்றும் இடத்திலும் இதே கதைதான். ஒரு கொடூரம் நடந்ததும் ‘தூக்கில் போடு’ என்ற குரல் எழும், தண்டனை கூடும். தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாமல் வரும் என்ற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதினார். பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன. நம் ஊரில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 2019-இல் மரண தண்டனை சேர்ந்தது. ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் காட்டுகிறது. ஒரு புகார் சித்தப்பாவைத் தூக்குமேடைக்கு அனுப்பும் என்று தெரிந்தால், அந்த வீட்டில் யார் அதைக் கொடுக்கப் போவார்கள்? சட்டம் மட்டும் படித்தவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது என்று சொல்லவில்லை. தோன்றினாலும் அதைச் சான்றோடு வாதமாக்கும் கருவி அவர் கையில் இல்லை.

இதுவரை சட்டத்தின் குறையையே பேசினேன். குற்றவியலைத் தனியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இன்னும் மோசமான பதில் வைத்திருக்கிறது. பிறவியிலேயே குற்றவாளியானவனை மண்டையோட்டையும் தாடையையும் அளந்து கண்டுபிடித்துவிடலாம் என்று 1876-இல் லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் புத்தகம் போட்டார். அறிவியல் என்ற பெயரில்தான் அது உலவியது. அதற்கு ஐந்தாண்டு முன்பே இந்தியாவில் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். நம் பக்கத்தில் மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம்; பெருவிரலை உருட்டிப் பதிவேட்டில் வைக்க வேண்டும்; ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல். குற்றத்துக்குக் காரணம் தேடும் ஆர்வம், ‘ஒருவர் செய்த செயலுக்குத்தான் தண்டனை, அதையும் மெய்ப்பித்த பிறகுதான்’ என்ற சட்டத்தின் அடிப்படையை இழந்தால் இங்கேதான் வந்து நிற்கும். உண்மை கண்டறியும் மருந்து ஊசியை ஒருவர் சம்மதமின்றிப் போடக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்தது, ஒருவரைத் தனக்கு எதிராகவே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற சட்டத்தின் இன்னோர் அடிப்படையில் நின்றுதான்.

‘அப்படியானால் வல்லுநரை வல்லுநராகவும் வக்கீலை வக்கீலாகவும் விட்டுவிடலாமே, இரண்டும் படித்தால் இரண்டும் அரைகுறையாகிவிடாதா’ என்று கேட்கலாம். நியாயமான அச்சம். ஒரு பட்டத்தின் மேல் இன்னொன்றை அடுக்கினால் அதுதான் நடக்கும். இன்றைக்கு ஒரு மாணவர் குற்றவியலில் பட்டம் வாங்கிவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம், இல்லையென்றால் சில சட்டப் பள்ளிகளின் ஆனர்ஸ் படிப்பில் தண்டனையியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டையும் ஒட்டும் வேலை மாணவர் தலையில். நான் கேட்பது அந்த ஒட்டும் வேலையைப் பாடமாக்குவதை. ஒரே வழக்குக் கட்டை மேசையில் வைத்து, பிரிவு என்ன, சான்று என்ன, இந்த ஆள் ஏன் இங்கே வந்தார், வெளியே போனால் என்ன ஆவார் என்று ஒரே வகுப்பில் பேச வேண்டும். மருத்துவ அறிக்கையை வாசிக்க வக்கீல் அறுவை சிகிச்சை கற்க வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்தால் போதும்.

குற்றவியல் படித்தால் குற்றவாளிக்குச் சப்பைக்கட்டு கட்டத்தான் தோன்றும் என்று இன்னொரு புகார். காரணம் சொல்வதும் நியாயம் சொல்வதும் ஒன்றல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாதிக்கப்பட்டவரை வழக்கின் சாட்சியாக மட்டும் பார்த்த நீதிமன்றத்துக்கு, அவரும் ஒரு தரப்பு என்று எடுத்துச் சொன்னதில் குற்றவியலின் ஒரு கிளைக்கே பெரும் பங்கு உண்டு. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பழைய நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த அரசு இழப்பீட்டுத் திட்டம் அந்தச் சிந்தனையோடு இணைந்தது.

வேலை கிடைக்குமா என்பார்கள் பெற்றோர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குற்றவியல் பட்டத்துக்குத் தனி உரிமம் எதுவும் இல்லை, சட்டப் பட்டம் கையில் இருந்தால் குறைந்தபட்சம் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளலாம். வேலை வரும் திசையைப் புதிய தண்டனைச் சட்டமே காட்டுகிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, முதன்முறை தண்டிக்கப்பட்டு, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தவருக்குச் சிறை கிடையாது, சமுதாய சேவைதான். கூலி இல்லாமல், சமுதாயத்துக்குப் பயன்படும் வேலை என்று புதிய நடைமுறைச் சட்டம் அதை விளக்குகிறது. எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், யார் மேற்பார்வையில், அரசு மருத்துவமனையா, பள்ளி மைதானமா என்பதை அந்த வரி சொல்லவில்லை. மூவாயிரம் ரூபாய் செல்போனைத் திருடிய பத்தொன்பது வயதுப் பையன் கூண்டில் நிற்கிறான். நீதிபதி பேனாவைத் திறந்து, ‘என்ன வேலை கொடுக்கலாம்?’ என்று இரு தரப்பு வழக்கறிஞர்களையும் பார்க்கிறார்.