செல்போன் செத்தாலும் பேசும் வாக்கி டாக்கி! வாங்கும் முன் இதைப் படியுங்கள்

தாம்பரம் வட்டாரத்தில் 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி இரவை யாரும் மறந்திருக்க முடியாது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டி மீட்டர் மழை பதிவானது. அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள்.

கரண்ட் போனது. அடுத்து செல்போன் போனது!

கையில் போன் இருந்தது. பணமும் இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வழி இல்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாமல், 1878-ல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழே சென்னையில் மறுநாள் வெளிவரவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8 வருஷம் கழித்து, 2023-ம் ஆண்டு டிசம்பரில் 'மிச்சாங்' புயல் வந்தது. மறுபடியும் அதே முடிச்சூர், அதே வரதராஜபுரம், அதே வேளச்சேரி, பள்ளிக்கரணை. மறுபடியும் போன் 'அவுட்'!

இந்த மாதிரி நேரத்தில் பேசக்கூடிய கருவி ஒன்று உண்டு. அதுதான் வாக்கி டாக்கி. வெள்ளத்துக்குப் பயந்து இதை வாங்கி வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் தப்பான செட்டை வாங்கினால் வம்பு தேடி வரும். சரியான செட்டை வாங்கி பரணில் போட்டால் காசுதான் தண்டம்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

போன் ஏன் செத்தது?

செல்போன் தனியாகப் பேசுவது இல்லை. அது டவரோடு பேசுகிறது. டவர் இன்னொரு டவரோடு பேசுகிறது. கரண்ட் போனால் டவர் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடும். பிறகு டீசல் ஜெனரேட்டர். ரோட்டில் கழுத்தளவு தண்ணீர் நின்றால் டீசல் எப்படிப் போகும்? டவர் படுத்துவிடும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு டவர்களிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டால் ஒருவருக்கும் லைன் கிடைக்காது.

வாக்கி டாக்கிக்கு டவர் வேண்டாம், சிம் வேண்டாம். ஒரு செட்டில் இருந்து இன்னொரு செட்டுக்கு நேராக அலை போகிறது. அதுதான் அதன் பலம்.

இரண்டாம் உலகப்போரில் பிறந்த சாதனம் இது. அமெரிக்க ராணுவத்தின் 'எஸ்.சி.ஆர்.300' என்ற செட்டை வீரர்கள் முதுகில் சுமந்தார்கள். எடை சுமார் 15 கிலோ! இன்றைக்கு அது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரெயில் கார்டின் கையில் பார்க்கலாம். சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரின் இடுப்பிலும் பார்க்கலாம்.

தீவில் கேட்ட குரல்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் இருந்தது. பொழுதுபோக்காக ரேடியோவில் பேச வந்த 'ஹாம்' குழு அது. போன் தொடர்பு அறுந்த தீவுகளில் இருந்து அவர்கள்தான் செய்தி அனுப்பினார்கள். யார் உயிரோடு இருக்கிறார், யாருக்கு என்ன தேவை என்று வெளியூர் உறவினர்களுக்குத் தகவல் போய்ச்சேர்ந்தது.

அவர்கள் பயன்படுத்தியது தூர தேசம் வரை பேசும் பெரிய செட். கையடக்க செட் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். சுனாமி வந்த பிறகு அவர்கள் கடைக்கு ஓடவில்லை. லைசென்சு கையில் இருந்தது. செட் தயாராக இருந்தது. பேசிப் பழகிய வாய் இருந்தது!

கண்டபடி வாங்கினால் வழக்கு!

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் செட் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். லைசென்சு தேவைப்படும் செட்டை லைசென்சு இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 1933-ம் ஆண்டு வயர்லெஸ் சட்டக் காலத்தில் இருந்து இதுதான் விதி. செட் பறிபோகும். வழக்கும் வரலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மலிவான செட்டுகள் பலவற்றில் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த எண்ணையும் போட்டுப் பேச முடியும். பல அரசுத் துறைகளின் அலைவரிசைகள் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. விளையாட்டாக ஒருவர் பட்டனை அழுத்தினால், அவசரத்தில் பேசிக்கொண்டிருக்கும் வேறு இரண்டு பேரின் பேச்சு அறுந்துபோகும். அவர்கள் ஆம்புலன்சுக்காகப் பேசிக்கொண்டிருந்தால்?

வானத்தில் நடப்பதைக் கண்காணிக்க பெருங்குடியில் மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையமே இருக்கிறது. 'யாருக்குத் தெரியப்போகுது' என்று நினைக்க வேண்டாம்!

2025-ம் ஆண்டு மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 நோட்டீசுகளை ஆன்லைன் வியாபாரத் தளங்களுக்கு அனுப்பியது. எந்த அலைவரிசை, லைசென்சு வேண்டுமா, அரசு ஒப்புதல் உண்டா என்று சொல்லாமலே வாக்கி டாக்கிகளைப் பட்டியலிட்டு விற்றதுதான் காரணம்.

நேர்வழி இரண்டு

முதல் வழி, லைசென்சு வேண்டாத செட். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேசும் செட்டுகளுக்கு 2018-ம் ஆண்டு மத்திய அரசு லைசென்சில் இருந்து விலக்கு கொடுத்தது. சக்தி அரை வாட். ஒரு தெரு, ஒரு அடுக்குமாடி, ஒரு குடியிருப்போர் சங்கம் - இவற்றுக்கு இது போதும். ஆனால் 'ஈ.டி.ஏ.' என்ற அரசு ஒப்புதல் பெற்ற மாடல்தானா என்று கேட்டு, பில்லோடு வாங்க வேண்டும். 446-லும் பேசும், மற்ற எல்லா எண்ணிலும் பேசும் என்று கடைக்காரர் சொன்னால் அந்த செட் இந்த விலக்கில் வராது!

இரண்டாவது வழி, ஹாம் லைசென்சு. மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் பாஸ் செய்ய வேண்டும். 12 வயது நிரம்பிய சிறுவன்கூட எழுதலாம். ரேடியோ பற்றிய அடிப்படைக் கேள்விகளும், விதிமுறைக் கேள்விகளும் வரும். தந்தி அடிக்கும் 'மோர்ஸ்' தெரியாவிட்டாலும் முதல் படியான 'ரெஸ்ட்ரிக்டட்' லைசென்சு கிடைக்கும். 'ஜெனரல்' லைசென்சுக்கு மோர்ஸ் தேவை. பாஸ் செய்தவருக்கு 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக் குறி ஒன்று தருவார்கள். அது அவருக்கு மட்டுமே சொந்தம். முன்னாள் பிரதமர் ராஜீவ்காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறி 'வி.யு.2.ஆர்.ஜி.'

ஹாம் செட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை பேசலாம். கையடக்க செட்டின் சக்தி பெரும்பாலும் 5 வாட். ஆனால் ஒரு நிபந்தனை: வியாபாரம் பேசக்கூடாது. 'இரண்டு மூட்டை அரிசி அனுப்பு' என்று குடோனுக்குச் சொல்ல ஹாம் லைசென்சு உதவாது!

செட்டைத் தயார் செய்வது எப்படி?

பெட்டியைப் பிரித்ததும் பட்டனை அழுத்தாதீர்கள். ஆன்டெனா தனியாக வந்திருந்தால் முதலில் அதை இறுகத் திருகுங்கள். ஆன்டெனா இல்லாமல் பேசினால் வெளியே போக வேண்டிய சக்தி உள்ளேயே திரும்பி, செட் கருகிப்போகும்.

பேட்டரியை முழுசாக சார்ஜ் போடுங்கள். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். கேட்கும்போது பேட்டரி கொஞ்சமாகத்தான் செலவாகும். பேசும்போதுதான் குடித்துத் தீர்க்கும். சக்தியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் பக்கத்தில் பேசக் குறைத்து வையுங்கள். பென்சில் பேட்டரி போடும் செட்டாக இருந்தால் இன்னும் நல்லது. கரண்ட் இல்லாவிட்டாலும் மளிகைக் கடையில் பேட்டரி கிடைக்கும்!

அடுத்து 'ஸ்குவெல்ச்'. யாரும் பேசாதபோது வரும் 'உஸ்ஸ்' இரைச்சலை அடக்கும் கதவு இது. கதவை ரொம்ப இறுக்கினால் தூரத்தில் இருந்து வரும் மெல்லிய குரலும் உள்ளே வராது. இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் வைத்தால் போதும்.

பிறகு சேனல். இரண்டு செட்டிலும் சேனல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். காதுக்குக் கேட்காத 'டோன்' என்று ஒன்றும் உண்டு. இவர் செட்டில் ஒரு டோன், அவர் செட்டில் வேறு டோன் என்றால் சேனல் ஒன்றாக இருந்தாலும் குரல் கேட்காது. 'செட் ரிப்பேர்' என்று கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்கள்.

ஹாம்காரர்களுக்கு 'ரிப்பீட்டர்' என்ற வசதி உண்டு. உயரமான இடத்தில் நிற்கும் பெட்டி அது. ஒரு அலைவரிசையில் கேட்டு, இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும். 144-146 எல்லையில் இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். இதையும் டோனையும் செட்டில் பதிய வேண்டும். ஆனால் ரிப்பீட்டருக்கும் கரண்ட் வேண்டும். அது படுத்தால் நேருக்கு நேர் பேச ஒரு அலைவரிசையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

'10 கிலோ மீட்டர்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். அது வெட்டவெளிக் கணக்கு. இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். கான்கிரீட் சுவர் தடுக்கும். பச்சைமலையும் திரிசூலம் மலையும் தடுக்கும். தெருவில் நின்று பேசினால் அரை வாட் செட் ஒரு கிலோ மீட்டர் தாண்டுவதே கஷ்டம். அதே ஆள் மொட்டை மாடிக்கு ஏறினால் தூரம் பல மடங்கு கூடும். உயரம்தான் காசு செலவில்லாத சக்தி!

பேசுவதிலும் முறை உண்டு

ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் 'கிரீச்' சத்தம்தான் மிஞ்சும். பட்டனை அழுத்தி, ஒரு விநாடி பொறுத்து, பிறகு பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் வார்த்தை அறுந்துபோகும். செட்டை வாயில் இருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கத்தினால் குரல் உடையும். நிதானமாகப் பேசினால் தெளிவாகக் கேட்கும்.

கூப்பிடுகிறவரின் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு. முடித்ததும் 'ஓவர்'. வெள்ள நேரத்தில் ஒரு தெருக்காரர்கள் எப்படிப் பேசலாம் என்பதற்கு ஓர் உதாரணம்:-

"சங்க ஆபீஸ், சங்க ஆபீஸ், இது நாலாவது தெரு. கேக்குதா சார்? ஓவர்."

"நாலாவது தெரு, இது சங்க ஆபீஸ். நல்லா கேக்குது, சொல்லுங்க அண்ணாச்சி. ஓவர்."

"தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு. ரெண்டு பெரியவங்க மாட்டியிருக்காங்க. இடுப்பளவு தண்ணி. ஒருத்தரால நடக்க முடியாது. படகு வேணும் சார். ஓவர்."

"நாலாவது தெரு, தண்ணித் தொட்டி எதிர் வீடு, ரெண்டு பேர், ஒருத்தர் நடக்க மாட்டார், படகு. சரிதானே அண்ணாச்சி? ஓவர்."

"சரிதான் சார். ஓவர்."

எங்கே, எத்தனை பேர், என்ன தேவை - மூன்றும் அரை நிமிஷத்தில் போய்விட்டது. கேட்டவர் திருப்பிச் சொன்னதால் தப்பும் இல்லை. இதையே அழுதுகொண்டு ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கும். வீடு எது என்று தெரிந்திருக்காது.

இன்னொன்று. இந்தப் பேச்சில் ரகசியம் கிடையாது. அதே சேனலில் இருக்கும் யாரும் கேட்கலாம். 'வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டோம், பீரோவில நகை இருக்கு' என்று சொல்லித் தொலைக்காதீர்கள். திருடனிடமும் செட் இருக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே தெருவுக்கு ஒரு செட் என்று சங்கத்தினர் பிரித்துக்கொள்ளலாம். ஞாயிறு மாலை பத்து நிமிஷம் பேசிப் பார்க்கலாம். எந்த மாடியில் இருந்து எந்தத் தெரு கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். வெள்ள நேரத்தில் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிஷம் மட்டும் எல்லாரும் செட்டைத் திறப்பது என்று பேசி வைத்தால் பேட்டரி நாட்கணக்கில் வரும். சங்கத்தில் ஒரு இளைஞராவது ஹாம் தேர்வு எழுதினால், தெருவின் செய்தி ஊருக்கு வெளியேயும் போக வழி பிறக்கும்.

ஒத்திகைக்குச் செலவாவது பத்து நிமிஷம். 2015-ல் மொட்டை மாடியில் நின்றவர்கள், பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு குரல் கேட்காதா என்று விடிய விடியக் காத்திருந்தார்கள். அடுத்த மழையிலாவது அந்தக் குரல் கேட்கட்டும்!