பல் எடுத்த அன்னிக்கு நான் மிச்சம் பிடிச்ச 9,000 ரூபாய்

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, ஐடிஆரும் இல்ல. எங்க அம்மாவோட ஒரு பல்லைப் பத்திப் பேசப் போறேன். கடைசியில இதுவும் பணக் கணக்குலதான் வந்து நிக்கும், அதனால முழுசா படிங்க.

2021 டிசம்பர். அம்மாவுக்கு அப்போ 60 வயசு. கீழ்த்தாடையில வலது பக்கக் கடைவாய்ப்பல் வேரோட விரிசல் விட்டுடுச்சு, எடுத்துதான் ஆகணும்னு சொல்லிட்டாங்க. எங்க வீடு பொழிச்சலூர்ல. சனிக்கிழமைன்னா அகத்தீஸ்வரர் கோயில் தெருவுல வண்டி நகராது. அந்தக் கூட்டத்தைத் தாண்டி கிளினிக் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் சொன்னார்: "பல் எடுத்த குழியில எலும்புத் தூள் வெச்சு மூடிடலாம் சார். பின்னாடி இம்ப்ளான்ட் வைக்க எலும்பு இருக்கும். 9,000 ஆகும்."

"அப்புறமா பண்ணிக்கலாமா?"ன்னு கேட்டேன்.

"இப்ப பண்ணாத்தான் பிரயோஜனம்."

"இன்னைக்கே புக் பண்ணா ஆஃபர்"னு சொல்ற சேல்ஸ்மேன் குரல்தான் என் காதுல விழுந்துச்சு. வேண்டாம்னுட்டேன். 9,000 மிச்சம்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.

மூணு வருஷம் அம்மா ஒரு பக்கமாவே மென்னு சாப்பிட்டிருக்காங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. தீபாவளிக்கு முறுக்கைக் காபியில ஊறவெச்சு சாப்பிடறதை என் மனைவிதான் கவனிச்சு சொன்னாங்க. 2025 ஜனவரியில இம்ப்ளான்ட் வைக்கலாம்னு வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம். ஸ்கேன் பார்த்துட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "எலும்பு அகலம் பத்தாது."

எலும்பு எங்கே போச்சு?

தாடை எலும்பில் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதி, பல்லுக்காகவே இருக்கும் பகுதி. பல் போனதும் அந்த எலும்புக்கு வேலை இல்லை. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். கன்னத்தின் பக்கம் இருக்கும் சுவர் பல பேருக்கு மெல்லிசாகத்தான் இருக்கும். அதனால் அதுதான் அதிகம் கரையும். அடியில் எலும்பு இறங்கினால் மேலே ஈறும் சேர்ந்து உள்வாங்கும்.

டென்மார்க்கில் 46 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. கடைவாய்ப்பல், முன்கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் சராசரியாக 12 மி.மீ இருந்த அகலம், ஒரு வருடத்தில் 6 மி.மீ-க்கு வந்துவிட்டது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிட்டது.

நம்ம பாஷையில சொன்னா இது டபிள்யூடிவி முறை தேய்மானம். ஒரு லட்சத்துக்கு வாங்குன லேப்டாப் 40% கணக்குல முதல் வருஷம் 40,000 தேயும், அடுத்த வருஷம் 24,000. பெரிய அடி ஆரம்பத்துலயே விழும். எலும்பும் அப்படித்தான். "அப்புறமா பார்க்கலாம்"னு நான் தள்ளிப்போட்டது தேய்மானம் ரொம்ப வேகமா இருக்கற காலத்துல.

இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியம் திருகு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனின் பிரோனிமார்க் 1952-ல் முயல் எலும்பில் கவனித்தார். 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். திருகு 4 மி.மீ தடிமன் என்றால், இரண்டு பக்கமும் குறைந்தது ஒன்று, ஒன்றரை மி.மீ எலும்பு வேண்டும். ஆக 6 முதல் 7 மி.மீ. அம்மாவுக்கு 5 கூட இல்லை.

கணக்கு

2021-ல எனக்குச் சொன்ன விலை: குழி மூட 9,000, இம்ப்ளான்ட் மேல் பல்லோட 35,000. மொத்தம் 44,000.

2025-ல நான் கட்டினது: எலும்பை அகலப்படுத்தும் சர்ஜரி 28,000, இம்ப்ளான்ட் மேல் பல்லோட 40,000. மொத்தம் 68,000.

வித்தியாசம் 24,000. அதுல 5,000 விலைவாசி. மிச்சம் 19,000 நான் "வேண்டாம்"னு சொன்னதோட விலை. அந்த 9,000-ஐ 6% வட்டிக்கு எஃப்டி-ல போட்டிருந்தாக்கூட மூணு வருஷத்துல 10,700 சொச்சம்தான் ஆகியிருக்கும். இது போக அம்மாவுக்கு ஒரு சர்ஜரி கூடுதல், ஆறு மாசக் காத்திருப்பு கூடுதல். அதை எந்த லெட்ஜர்ல எழுதறதுன்னு எனக்குத் தெரியல.

அப்போ எல்லாரும் பண்ணணுமா? இல்லை.

இதைப் படிச்சிட்டு பல் எடுக்கற எல்லாருமே எலும்புத் தூள் வெச்சுக்க ஓடாதீங்க. ஞானப்பல் எடுத்தால் அங்கே இம்ப்ளான்ட் வைக்கப் போவதில்லை, தேவையில்லை. கழற்றி மாட்டும் செட் போதும் என்று முடிவாகிவிட்டாலும் பெரும்பாலும் தேவைப்படாது. குழியின் சுவர்கள் முழுசாக இருந்து, உடனேயோ சில வாரங்களிலோ இம்ப்ளான்ட் வைக்கப் போகிறார்கள் என்றாலும் பல சமயம் தேவைப்படாது. இன்னொன்று, இந்தச் சிகிச்சை கரைவதைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது.

அதனால பல் எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

1. இந்த இடத்தில் பின்னாடி என்ன வைக்கப் போறோம்? இம்ப்ளான்டா, பிரிட்ஜா, ஒண்ணுமில்லையா?
2. கன்னப் பக்க எலும்புச் சுவர் எப்படி இருக்கு? ஈறை அதிகம் கிழிக்காம, எலும்பை உடைக்காம பல்லை எடுக்க முடியுமா? காசே செலவில்லாத பாதுகாப்பு இதுதான்.
3. வைக்கற தூள் எதிலிருந்து வருது? மாட்டு எலும்பு, மனித எலும்பு, செயற்கைப் பொருள்னு பல வகை உண்டு. மேலே மூடற சவ்வு பல சமயம் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்தது. வீட்டுல ஆட்சேபம் இருந்தா முன்னாடியே சொல்லுங்க.
4. சர்க்கரை, புகை, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை அல்லது ஊசி. இதுல எது இருந்தாலும் டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க. புண் ஆறுவது இதைப் பொறுத்தது.

பணம் எங்கிருந்து?

*இன்சூரன்ஸ்:* சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசிகளில் விபத்தால் வந்த பல் சிகிச்சை தவிர மற்றதுக்குப் பெரும்பாலும் கவரேஜ் கிடையாது. ஓபிடி ரைடர் இருந்தால் அதன் வரம்பைப் பாருங்கள்.

*வரி:* 60 வயசு தாண்டிய அப்பா, அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸே இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவுக்கு வருடம் 50,000 வரை கழிவு உண்டு. பழைய வரி முறையில் இருக்கணும், ரொக்கமா கட்டியிருக்கக் கூடாது. நான் 28,000-ஐ 2025 ஜனவரியிலும், 40,000-ஐ ஏப்ரலுக்கு அப்புறமும் யுபிஐ-ல கட்டினேன். ரெண்டு நிதியாண்டா பிரிஞ்சதால 68,000 முழுசும் கழிவுக்குள்ள வந்துச்சு. "மொத்தமா அட்வான்ஸ் கட்டுங்க"ன்னு சொன்னதைக் கேட்டிருந்தா 18,000 வெளியே நின்னிருக்கும். 20% ஸ்லாபில் செஸ்ஸோடு 3,744 ரூபாய்.

*இஎம்ஐ:* கிளினிக் டேபிள்லயே "ஜீரோ காஸ்ட்" ஃபார்ம் நீட்டுவாங்க. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லியாச்சு. 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் கொடுத்தாகணும். அதுல ஆண்டு சதவீத விகிதம் எவ்வளவுன்னு பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க.

*விலை:* ஸ்டென்டுக்கும் முழங்கால் இம்ப்ளான்டுக்கும் 2017-ல் அரசு விலை உச்சவரம்பு வைத்தது. பல் இம்ப்ளான்டுக்கு அப்படி இல்லை. அதனால ரெண்டு, மூணு இடத்துல எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. பல்லாவரத்துல ரயில் ஏறினா கோட்டை ஸ்டேஷன் எதிர்லயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953-லிருந்து இருக்கு. பள்ளிக்கரணை, வண்டலூர் பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கு. பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் பார்ப்பாங்க. ஒரு தடவை விசாரிச்சிட்டு முடிவெடுங்க.

இப்ப அம்மாவுக்குப் பல் வெச்சாச்சு. போன வாரம் கிச்சன்லேர்ந்து முறுக்கு கடிக்கற சத்தம் கேட்டுச்சு, மேலே ஃப்ளைட் போற சத்தத்தையும் தாண்டி. "எவ்ளோ ஆச்சுடா மொத்தம்?"னு கேட்டாங்க. குறைச்சுத்தான் சொன்னேன்.

செலவை வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: இதைத் தள்ளிப்போட்டா பின்னாடி அதே விலைக்குக் கிடைக்குமா? அன்னிக்கு டாக்டர் அதுக்குப் பதில் சொன்னார், நான்தான் காதுல வாங்கிக்கல.

எஸ்டிமேட்டை எப்படிப் படிக்கறதுன்னு அடுத்த வீடியோல வரிக்கு வரி பார்க்கலாம். எலும்பு விஷயத்துல முடிவு உங்க பல் டாக்டரோடது. நான் கணக்கு பார்க்கறவன் மட்டும்தான்.