பனியன் ஊர் பக்கத்துல பின்ன நூல் தேடறவங்களுக்கு: நூல் நம்பர், ஊசி நம்பர், நேரக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. நீங்க போட்டிருக்கற டி-ஷர்ட்டோட கீழ் ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு வந்து பாருங்க. வெளிப்பக்கம் குட்டிக் குட்டியா இங்கிலீஷ் ‘வி’ எழுத்தை அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். உள்பக்கம் திருப்பினா புருவம் மாதிரி வளைவு வளைவா இருக்கும். திருப்பூர்ல இந்தத் துணிக்குப் பேரு சிங்கிள் ஜெர்சி. ரெண்டு ஊசி வச்சு கையால பின்னறவங்க இதையே ஸ்டாக்கினெட்னு சொல்றாங்க. பேருதான் வேற. ரெண்டும் ஒரே பின்னல். ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையத்தை இழுக்கறது, அவ்வளவுதான்.

இப்போ நிறைய பேர் நிட்டிங், குரோஷா பழக ஆரம்பிச்சிருக்காங்க. நமக்கு வர்ற கேள்விகள்ல முக்கியமானது இது: “கோயம்புத்தூர்ல இருக்கேன். ஒரு மணி நேரத்துல திருப்பூர். ஆனா கையால பின்ன நல்ல காட்டன் நூல் கேட்டா கடையில அக்ரிலிக் உருண்டையைத்தான் எடுத்துப் போடறாங்க. ஏன்?”

நியாயமான கேள்விதான். கோவையில் முதல் நூற்பாலை 1888-ல் வந்தது, ராபர்ட் ஸ்டேன்ஸ் காலத்துல. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையா எழுந்தன. இவ்வளவு நூல் ஓடற ஊர்ல நமக்கு ஏன் ஒரு உருண்டை கிடைக்கலைன்னு புரிய, நூல் நம்பர்ல இருந்து தொடங்கணும்.

நூல் நம்பர்னா என்ன?

மில் வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா யாராவது வீட்ல இருந்தா, “நாப்பதாம் நம்பர் நூல்”, “இருபதாம் நம்பர் நூல்”னு பேசறதைக் கேட்டிருப்பீங்க. அந்த நம்பர்தான் கவுண்ட். ஒரு பவுண்டு எடையுள்ள நூல்ல 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை தேறும்ங்கற எண்ணிக்கை அது. 40 சிட்டம் தேறினா 40-ஆம் நம்பர். அதே எடைக்கு அதிக நீளம் வந்தா நூல் மெல்லிசாத்தானே இருக்கணும்? அதனால நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

நமக்கு கிராம், மீட்டர் கணக்குதான் வசதி. அதுக்கு மாத்தினா, 1-ஆம் நம்பர் நூல் 100 கிராம் எடுத்தா சுமார் 169 மீட்டர் வரும். இந்த ஒரு எண்ணை மட்டும் எழுதி வச்சுக்கோங்க.

டி-ஷர்ட் துணிக்கு பெரும்பாலும் 20-லிருந்து 40 வரையிலான நம்பர்கள்தான் ஓடும். 20-ஆம் நம்பர்னா 100 கிராமுக்கு சுமார் 3,380 மீட்டர். ஆனா யூடியூப்ல காட்டற சாதாரண கைப்பின்னல் நூல் 100 கிராமுக்கு 200, 220 மீட்டர்தான். அதாவது நம்ம ஊர் மில் நூல் கைப்பின்னலுக்குப் பதினாறு மடங்கு மெல்லிசு. அந்த நூல் மெஷினுக்காகவும் தறிக்காகவும் நூற்கப்பட்டது. அதுவும் மூட்டைக் கணக்குல கைமாறும் சரக்கு. ஒரு உருண்டை கேட்டு வர்றவங்களுக்கு அங்க கல்லாவே கிடையாது.

அப்போ வழியே இல்லையா?

இருக்குங்க. இழைகளைச் சேர்த்துக்கலாம். கணக்கு இதுதான்: 169-ஐ நூல் நம்பரால் பெருக்கி, எத்தனை இழை சேர்க்கிறோமோ அதால் வகுக்கணும். 20-ஆம் நம்பர்ல பதினாறு இழை சேர்த்தா 169 பெருக்கல் 20, வகுத்தல் 16. சுமார் 211 மீட்டர். யூடியூப்ல காட்டற அதே கனம் வந்தாச்சு.

ஏற்கெனவே ரெண்டு இழை முறுக்கின நூல் கிடைச்சா வேலை பாதி. அதை 2/20 மாதிரி எழுதுவாங்க. அதுல எட்டு எடுத்தா போதும். ஒரே ஒரு கோன்தான் கிடைச்சதா? முதல்ல நாலு சின்ன உருண்டை சுத்துங்க. அந்த நாலையும் சேர்த்து ஒரு உருண்டை. இப்படி நாலு செஞ்சு, அந்த நாலையும் சேர்த்தா பதினாறு இழை.

சில்லறையா கோன் தர்ற இடம் தெரிஞ்சு போறீங்கன்னா, மூணு விஷயம் கேளுங்க.

ஒண்ணு, ஹோசியரி நூலா, பாவு நூலா? தறியில இழுத்துக் கட்டற பாவு நூலுக்கு முறுக்கு அதிகம். கையில பின்னினா விறைப்பா இருக்கும், தானா சுருண்டுக்கும். பனியனுக்கான ஹோசியரி நூல் முறுக்கு குறைஞ்சது, மிருதுவானது. ஊசியில வழுக்கி ஓட மெழுகும் தடவியிருப்பாங்க.

ரெண்டு, கோம்டா, கார்டடா? கோம்டுன்னா குட்டை இழைகளைச் சீவி எடுத்துட்டு நூற்றது. வழவழன்னு இருக்கும், விலையும் கூட. கார்டட் கொஞ்சம் பிசிறு இருக்கும். பாத்திரம் துடைக்கற துணி, பை இதுக்கெல்லாம் கார்டடே போதும்.

மூணு, சாயம் போட்டதா, கிரே நூலா? கிரேன்னா சாம்பல் நிறம்னு நினைச்சுடாதீங்க. சாயமும் வெளுப்பும் போடாத, பருத்தி நிறத்துலயே இருக்கற நூல். அதுல பருத்தியோட இயற்கை மெழுகு அப்படியே இருக்கும். கைதுடைக்கற துணி பின்னிட்டு “தண்ணியே உறிஞ்சலை”ன்னு நூலைத் திட்டாதீங்க. சலவை சோடா போட்டுக் கொதிக்க வச்சு எடுங்க. மெழுகு போகும், துணி குடிக்க ஆரம்பிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். முறுக்காம சும்மா சேர்த்துப் பிடிச்ச இழைகள்ல ஊசி முனை நடுவுல குத்திக்கும். கூர் மழுங்கின ஊசியா எடுத்துக்கோங்க. முதல் வாரம் கோபம் வரும். பழகிடும்.

ஊசி நம்பர்ல இருக்கற பொறி

ஊசியைப் பத்தி நம்ம பக்கத்துலயே ஒரு ஆச்சரியம் இருக்கு. உலகம் முழுக்க கைப்பின்னல்காரங்க வச்சிருக்கற ‘போனி’ ஊசிகள் நீலகிரியில, கேத்தியில இருந்து வருது. நீடில் இண்டஸ்ட்ரீஸ் 1949-ல் ஆரம்பிச்ச கம்பெனி. பங்குதாரர் தகராறு ஒண்ணுல 1981-ல் உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பால, கம்பெனி சட்டம் படிக்கற மாணவர்களுக்கும் இந்தப் பேரு தெரியும். நாம டிசம்பர்ல ஊட்டிக்கு ஸ்வெட்டர் மாட்டிட்டுப் போற வழிக்குப் பக்கத்துலதான் ஸ்வெட்டர் பின்னற ஊசி தயாராகுது.

இப்போ பொறி. கடையில “8 நம்பர் ஊசி”ன்னு கேட்டா, பழைய பிரிட்டிஷ் கணக்குப்படி 4 மி.மீ. ஊசி வரும். யூடியூப்ல அமெரிக்கக்காரர் 8-ஆம் நம்பர்னு சொன்னா அது 5 மி.மீ. ஒரு மி.மீ. தானேன்னு விட்டா குட்டிப் பாப்பாவுக்கான தொப்பி எலுமிச்சம்பழத்துக்குத்தான் பொருந்தும்.

பிரிட்டிஷ் கணக்குல நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 10 நம்பர்னா 3.25 மி.மீ., 6 நம்பர்னா 5 மி.மீ. கோவைக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. பம்ப் மோட்டார் காயில் கட்டற இடத்துல செம்புக் கம்பிக்குச் சொல்ற கேஜ் கணக்கும் இதே மாதிரிதான். 8 கேஜ் கம்பியோட கனமும் ஏறக்குறைய 4 மி.மீ.தான். அதனால நம்பரை மறந்துடுங்க, மி.மீ. மட்டும் கேளுங்க. குரோஷாவுலயும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்கர் ‘சிங்கிள்’ங்கறதை பிரிட்டிஷ்காரர் ‘டபுள்’ங்கறார். பேட்டர்ன் எந்த நாட்டுதுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

அக்ரிலிக், காட்டன், கம்பளி

அக்ரிலிக் மலிவு, நிறம் மங்காது, பழகறதுக்குச் சரியான நூல். ஆனா வேர்வையை உறிஞ்சாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டா உருகும். அடுப்புப் பாத்திரம் இறக்கற துணி அதுல பின்னவே வேண்டாம்.

காட்டன் நம்ம வெயிலுக்குச் சுகம். ஆனா கம்பளி மாதிரி இழுத்தா திரும்பி வராது. பின்னின ஸ்வெட்டர் தன் கனத்துலயே கீழே இறங்கும். அதனால முழு ஸ்வெட்டருக்கு முன்னாடி ஒரு சாண் சதுரம் பின்னி, துவைச்சு, காய வச்சு அளந்து பாருங்க. அந்த ஒரு சாயங்காலம் உங்க ஒரு மாசத்தைக் காப்பாத்தும்.

கம்பளின்னா நீலகிரி ஆடுன்னே ஒரு இனம் இருக்கு. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல இருக்கற ஆடு ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாத்தி வளர்க்குது. எண்ணிக்கை குறைஞ்சுபோன இனம்ங்கறதால அதோட நூலைக் கடை அலமாரியில எதிர்பார்க்க முடியாது.

“நல்லா இருக்கே, வித்தா என்ன?”

ரெண்டு தொப்பி போட்டதும் எல்லாரும் கேட்கற கேள்வி இதுதான். வீட்ல அம்மா கேப்பாங்க, ஆபீஸ்ல ஃப்ரெண்ட் கேப்பாங்க. இதுக்கு முகத்துக்காக பதில் சொல்லாம, கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு ஸ்டோலுக்கு 30,000 வளையம்னு வச்சுக்குவோம். நல்லா கை பழகினவர் நிமிஷத்துக்கு 30 வளையம் போட்டா 1,000 நிமிஷம். கிட்டத்தட்ட 17 மணி நேரம். அதை 600 ரூபாய்க்கு வித்து, நூலுக்கு 200 கழிச்சா, மணிக்கு 24 ரூபாய் கூட நிக்காது.

அந்தப் பக்கம் திருப்பூர் வட்டப் பின்னல் மெஷினைப் பாருங்க. 30 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 ஊசின்னா சுத்தி சுமார் 2,260 ஊசி. 90 இடத்துல நூல் உள்ளே போகுது, நிமிஷத்துக்கு 25 சுத்துன்னு வச்சா, நிமிஷத்துக்கு 50 லட்சம் வளையம். உங்க 17 மணி நேர ஸ்டோலின் வளையங்களை அது அரை செகண்டுக்குள்ள போட்டுடும்.

அதனால சாதாரணப் பின்னல்ல மெஷினோட விலைப் போட்டி போடாதீங்க. உங்களுக்காகப் பின்னறீங்கன்னா எந்தக் கணக்கும் வேண்டாம், அந்த 17 மணி நேரம் உங்க சந்தோஷம். விக்கறதா இருந்தா முதல்ல உங்க மணி நேரத்துக்கு ஒரு கூலி வைங்க, அப்புறம் விலையைச் சொல்லுங்க. “சும்மா வீட்ல உக்காந்து போடறதுதானே”ன்னு சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கைவேலைக்குக் கூலியே இல்லாமப் போச்சு. பெரும்பாலும் பெண்களோட வேலைங்கறதால, அந்தக் கூலி இல்லைங்கறதும் யார் கண்ணுலயும் படலை.

கடைசியா ஒண்ணு. மேலே சொன்ன மெஷின் கணக்கு நிட்டிங்குக்கு மட்டும்தான். குரோஷா வேற. ஒத்தைக் கொக்கி ஊசியால ஒவ்வொரு தையலையும் முழுசா முடிச்சு முடிச்சு நகர்றது அது. உண்மையான குரோஷாவைத் தொழிற்சாலை அளவுல போடற மெஷின் இன்னும் புழக்கத்துக்கு வரலை. அது மாதிரி தோற்றம் தர்ற லேஸ் மெஷின்கள் உண்டு, அவ்வளவுதான். 2016 ஜனவரியில சென்னையில ‘மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு உலக சாதனைக்காக 11,000 சதுர மீட்டருக்கு மேல ஒரு குரோஷா போர்வையைச் சேர்த்தாங்களே, அதுல இருந்த ஒவ்வொரு தையலும் கைத்தையல்.

அப்போ ஆன்லைன்ல 499 ரூபாய்க்கு ஒரு நிஜ குரோஷா டாப் வந்தா என்ன அர்த்தம்? எங்கேயோ ஒருத்தர் உக்காந்து மணிக்கணக்கா கையால போட்டிருக்காங்க. நூல் விலை, கடை லாபம், கூரியர் எல்லாம் போக அவங்க கைக்கு என்ன போயிருக்கும்னு உங்களால இப்போ கணக்குப் போட முடியும். ஒரே ஒரு தொப்பி நீங்களே பின்னிப் பார்த்தா, அந்தக் கணக்கு இன்னும் சீக்கிரம் மனசுல ஏறும்.

இந்த வாரம் வேலை இதுதான்: ஒரு 4 மி.மீ. ஊசி, ஒரு உருண்டை, ஒரு சாண் சதுரம். எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு குறிச்சு வச்சு எங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்ங்க.