கோடை வாசிப்பும் கணக்கும்

நாகபுரியில் சித்திரை வெயில் ஏறியதும் பள்ளிக் கதவுகள் அடைபடுகின்றன. ஆனி பாதி கழியும் வரை திறப்பதில்லை. பகல் பதினொரு மணிக்குமேல் தெருவில் காக்கையும் நடமாடாத இந்த இரண்டு மாதங்களில் நம் பிள்ளைகளுக்கு நூல் நிலையம் நல்ல நிழல். சிறுவர்களைப் பற்றிக் கவலையில்லை. ஒரு புத்தகம் படித்தால் அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறோம். அதைக் காட்டிக்கொண்டு வீடு முழுவதும் ஓடுகிறார்கள். மீசை அரும்பத் தொடங்கிய பையனிடம் அந்த அட்டையை நீட்டினால் அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களின் விடுமுறை வாசிப்பை எவ்வாறு கணக்கிடுவது என்பதைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம்.

கணக்கே எதற்கு என்று கேட்போரும் உளர். சங்கத்தின் கையிருப்பு சிறிது. அதில் எந்த நூலை வாங்குவது, அலமாரியில் உறங்கும் எந்த நூலை எழுப்புவது என்று கணக்கில்லாமல் தெரியாது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகனை அடைய வேண்டும் என்ற கருத்துடையது. அடைந்ததா இல்லையா என்பதை யாராவது குறித்து வைக்கத்தானே வேண்டும்?

ஆனால் எதைக் குறிப்பது? நாம் ரயில்வேயில் குமாஸ்தா. பார்சல் அலுவலகத்தில் பத்து உருப்படி என்று மட்டும் எழுதினால் கூலி போட முடியாது, எடையும் வேண்டும். ஊறுகாய் ஜாடியும் ஓர் உருப்படி, மோட்டார் சைக்கிளும் ஓர் உருப்படி. புத்தகத்தை எண்ணிக்கையால் அளந்தால் கெட்டிக்காரப் பிள்ளை மெல்லிய புத்தகங்களாகப் பொறுக்குவான்; எழுநூறு பக்க நாவலில் மூழ்கியவள் மாதக் கடைசியில் ஒன்றே ஒன்றுடன் நிற்பாள். பிரிட்டனில் 1999 முதல் நடந்துவரும் கோடை வாசிப்புப் போட்டியில் ஆறு நூல்கள் என்பது பழகிய கணக்கு. அது முக்கியமாக நான்கு முதல் பதினொரு வயதுச் சிறுவர்களுக்கானது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் அங்கே தொண்டர்களாக வந்து சிறுவர்களுக்கு உதவுவதுண்டு.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தின் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 3,000 பேரைப் பார்பரா ஹேன்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் ஆராய்ந்து 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். கோடையில் படித்த பிள்ளைகளின் சொல்வளம் கூடியிருந்தது. படித்த நூல்களின் எண்ணிக்கையால் அளந்தாலும், படித்த நேரத்தால் அளந்தாலும், நூலகத்துக்கு ஒழுங்காக வந்ததை வைத்து அளந்தாலும் விடை ஒன்றாகவே இருந்தது. ஆகவே எந்த அளவுகோல் பிள்ளைக்கு உறுத்தாதோ அதை நாம் எடுத்துக்கொள்ளலாம். குமரப் பருவத்தினருக்கு நிமிஷக் கணக்கே ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். இப்போது அமெரிக்க நூலகங்கள் பல, பீன்ஸ்டாக் என்ற கைபேசிச் செயலியில் வாசகரே நிமிஷங்களைப் பதியும்படி செய்திருக்கின்றன. நமக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும்.

சென்ற கோடையில் சிலரிடம் மட்டும் இம்முறையைச் சோதித்துப் பார்த்தோம். தேதி, என்ன படித்தது, எந்த மொழி, எத்தனை நிமிஷம் என்று நான்கே பத்திகள். அதில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் நோட்டை மறக்க முடியாது. பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் படிக்கிறான். தமிழை வீட்டில் பேசுவதோடு சரி. முதல் வாரம் தமிழ் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘கல்யாணப் பத்திரிகை, 4 நிமிஷம்.’ சென்னையிலிருந்து தபாலில் வந்த அழைப்பிதழை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான். அடுத்த வாரம் அத்தையின் கடிதம், 9 நிமிஷம். அதற்கடுத்து ஒரு வாரப் பத்திரிகையின் நகைச்சுவைத் துணுக்குகள், 15 நிமிஷம். நூல்களை எண்ணியிருந்தால் அவன் தமிழ்க் கணக்கில் மூன்று வாரமும் பூஜ்யமே. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த பிள்ளை நான்காம் வாரம் வந்திருப்பானா?

இவ்விடத்தில் சங்க அன்பர்களிடையே ஒரு வாதம் உண்டு. இது தமிழ்ச் சங்கம். தமிழ் நூலை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது சிலர் கட்சி. தமிழுக்கு இரட்டிப்பு மதிப்பு என்பது வேறு சிலர் யோசனை. அவர்களுடைய ஆர்வத்தை மதிக்கிறோம். முடிவை ஏற்க மனம் வரவில்லை. மராத்தி நாவலைப் படித்தவளிடம் ‘இது சேராது’ என்றால், அவள் நாவலை விடமாட்டாள், நம்மைத்தான் விட்டுவிடுவாள். எல்லா மொழியும் சேரட்டும். மொழி என்ற பத்தி மட்டும் உண்மையாக நிரம்பட்டும். தமிழின் நிலை நமக்கே அதில் தெரியும். பாட்டி தொடர்கதையை உரக்கப் படிக்கப் பேரன் உட்கார்ந்து கேட்டால் அதையும் எழுதலாம். வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கும்போது நாம் ஏன் கஞ்சத்தனம் செய்ய வேண்டும்?

பரிசு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 1973இல் லெப்பர் முதலிய அமெரிக்க உளவியல் அறிஞர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பிற்பாடு தாமாக வரைவது குறைந்துவிட்டது. எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அக்குறைவு காணவில்லை. அவர்கள் பச்சைக் குழந்தைகள்தாம். எனினும் நம் பெரிய பிள்ளைகளுக்கு இத்தனை நிமிஷத்துக்கு இன்ன பரிசு என்று விலைப்பட்டியல் போடாமலிருப்பதே நல்லது. எதிர்பாராத பரிசு ஏதும் உண்டா என்பதை இந்த ஏட்டில் அச்சிடுவது முறையாகாது.

இனிச் சொல்லப்போவது பெற்றோர் சிலருக்குக் கசக்கலாம். அன்பர் ஒருவர் ஒரு மாலை நூல் நிலையத்துக்கு வந்து, “என் பெண் என்னென்ன எடுத்துப் போயிருக்கிறாள் என்று அந்தப் பேரேட்டைக் கொஞ்சம் காட்டுங்கள், சார்” என்றார். “வீட்டில் அவளையே கேளுங்கள், சார், சொல்லுவாள்” என்றோம். அவர் முகம் சுருங்கியது. தகப்பனாருக்கு உரிமையில்லையா என்றார். கவலை நியாயமானது, மறுக்கவில்லை. ஆயினும் இரவல் பேரேடு நூலைத் திரும்பப் பெறுவதற்காக எழுதப்படுவது, பிள்ளையை வேவு பார்ப்பதற்காக அன்று. அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே, வாசகரைப் பற்றி அறிந்த சொந்த விஷயங்களை இரகசியமாகக் காப்பது நூலகரின் கடமை என்று வகுத்தது. பதினாறு வயதில் வாயால் கேட்கக் கூசும் கேள்விகள் எத்தனையோ உண்டு. அவற்றுக்குப் புத்தகத்தில் விடை தேடுவது தெருவில் தேடுவதைவிட மேல். அப்பா பார்ப்பார் என்று தெரிந்தால், பெண் அப்பாவுக்குப் பிடித்த புத்தகத்தை எடுத்துப்போய் மூடியே வைத்திருப்பாள். அவள் எடுத்த நூல் எது என்பதை இங்கும் எழுதப்போவதில்லை.

ஆகவே நோட்டு பிள்ளையிடமே இருக்கும். வாரந்தோறும் மொழிவாரியாக நிமிஷங்களின் கூட்டுத்தொகையை மட்டும் நமக்குச் சொன்னால் போதும். நூலின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். பொய்க் கணக்கு வராதா என்றால், வரும். பரிசுப் பட்டியல் இல்லாதபோது பொய் சொல்வதில் லாபமும் இல்லை.

விடுமுறைக்கு ஊர் செல்பவர்களும் நோட்டை எடுத்துச் செல்லலாம். சென்னைக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். விஜயவாடா தாண்டும்வரை வேறென்ன வேலை? கைபேசியில் படிப்பதும் சேரும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தமிழ் மின்னூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. படித்த நிமிஷத்தைத்தான் எழுத வேண்டும். கைபேசியைப் பார்த்த நிமிஷத்தை அன்று.

நோட்டுகள் ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் நூல் நிலையத்தில் கிடைக்கும். பிள்ளைகளே நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். பென்சில் அவரவருடையது.