கடல்நீர் மீன்தொட்டியை முதன்முறையாக அமைத்தல்

கடல்நீர் என்றால் யாழ்ப்பாணக் கமக்காரர் அஞ்சுவர். அதற்குக் காரணம் உண்டு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நமது குடாநாட்டில், மாரிமழை சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதே நாம் இறைக்கும் கிணற்று நீர். ஆயினும் அந்த உவர்நீரையே வீட்டினுள் கொணர்ந்து வண்ணமீன் வளர்க்க விரும்பும் கமக்காரரும் இருக்கலாம். அவர்களுக்காகவே இப்பிரசுரம் எழுதப்படுகின்றது. இது வருவாய் தரும் தொழிலன்று. மனமகிழ்ச்சிக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் உரியது.

சிறிய தொட்டியே எளிது என்று எண்ணுதல் தவறு. சிறுதொட்டியின் நீர் ஒரே நாளிற் கெட்டுவிடும். ஆகையால் 100 லீற்றருக்குக் குறையாத கண்ணாடித் தொட்டியைத் தெரிந்து, வெயில் படாத இடத்தில் உறுதியான மேசைமீது வைத்தல் வேண்டும். குளிர்நாடுகளில் வேண்டப்படும் வெப்பமூட்டி இங்கு வேண்டியதில்லை. வளியூட்டும் பம்பியும் வடிகட்டியும் கட்டாயம் வேண்டும்.

நீரைத் துறைமுகத்தின் அருகிலோ களப்பிலோ எடுத்தலாகாது. களப்பு நீர் மாரியில் நன்னீர் கலந்து இளகும். கோடையிற் கடலினும் கூடிய உவர் கொள்ளும். வடகரையில், திறந்த கடலில், மாரி தொடங்குமுன் எடுத்த நீர் நன்று. திறந்த கடலின் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எடுத்த நீரை மூடிய பாத்திரத்தில் இருட்டிலே இரு வாரங்கள் தெளியவிடுக.

இனி, தொடங்குவோர் பெரும்பாலும் பிழைவிடும் இடத்துக்கு வருவோம். நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவர். ஒரு வாரத்தில் அது இறந்ததும் கடலைக் குறை கூறுவர். பச்சைச் சாணியைப் பரப்பி அன்றே மிளகாய் நாற்று நடுவார் உளரோ? தொட்டியும் எருவைப் போலப் பதப்படல் வேண்டும். தோட்டத்தில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாகிப் பின்னர் மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகவும், ஈற்றில் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. தொட்டியிலும் நிகழ்வது இதுவே. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடும். எஞ்சிய தீனும் அழுகி அமோனியாவாகும். காரத்தன்மையுள்ள கடல்நீரில் அமோனியாவின் நச்சு நன்னீரிலும் மிகுதி. அதனை மாற்றும் பற்றீரியாக்கள் புதுத்தொட்டியிற் போதிய அளவில் இல்லை.

அவற்றைப் பெருக்கும் வழி இலகுவானது. நமது காணிகளிற் கிடக்கும் துளைநிறைந்த சுண்ணாம்புக் கற்கள் பற்றீரியாக்கள் குடியிருக்க ஏற்றவை. ஆனால் பயிர்செய்யாத, மருந்து தெளிக்காத தரையிலிருந்தே அவற்றை எடுத்து, நன்கு கழுவித் தொட்டியில் அடுக்குக. பின்னர் சிறு இறால் துண்டொன்றை இட்டு அழுகவிடுக. வாரந்தோறும் நீரைச் சோதித்தால் முதலில் அமோனியாவும், அடுத்து நைத்திரைற்றும் ஏறி இறங்குவதைக் காணலாம். இரண்டும் இல்லாதொழியும்வரை மீன் விடலாகாது. இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை, சிலவேளை அதற்கு மேலும், செல்லும். இறைப்புக்கு முறை பார்த்துக் காத்திருந்து பழகிய கமக்காரருக்கு இது கடினமன்று. பிள்ளைகளை அடக்குவதே கடினம்.

முதலில் கோமாளி மீன் ஒன்றோ இரண்டோ போதும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவற்றைக் கேட்டு வாங்குக. அவை இட்ட தீனைத் தயங்காது உண்ணும். பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் இம்மீனைத் தொட்டியில் இனம்பெருக்கும் முறையிற் பயிற்சி அளித்துள்ளது. வண்ணத்துப்பூச்சி மீன்களுட் பல பவள உயிரிகளையே உண்பவை. அவை வீட்டிற் பட்டினியால் மடியும். கடற்குதிரையும் தொடங்குவோருக்கு ஏற்றதன்று. உயிர்ப்பவளத்தைக் கடலிலிருந்து பெயர்த்தல் சட்டப்படி குற்றமாகும்.

மருந்து தெளிக்கப் பயன்படுத்திய வாளியை எத்தனைமுறை கழுவினாலும் தொட்டிக்கு எடுத்தலாகாது. செப்பு கலந்த பூஞ்சணக்கொல்லி சிறிதளவு எஞ்சினும் தொட்டியிலுள்ள இறால், நத்தை முதலியன மடிந்துவிடும்.

தொட்டி நீர் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. உவர்த்தரையை அறிந்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே வற்றிய அளவிற்குக் கடல்நீரையன்றி நன்னீரையே ஊற்றுக. நமது கிணறுகள் பலவற்றில், பசளையினாலும் மலக்குழிகளினாலும், நைத்திரேற்று மிகுந்துள்ளது. முதல் மழை கழிந்தபின் ஓட்டுக் கூரையிலிருந்து சேர்த்த மழைநீர் மேலானது.

இரு வாரத்திற்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை நீக்கிப் புதுக்கடல்நீர் இடுதல் வேண்டும். நீக்கிய 10 லீற்றரில் 350 கிராம் உப்பு உண்டு. ஓராண்டில் இது 9 கிலோகிராம் ஆகின்றது. மீன்கழிவு கலந்தது பயிருக்கு நல்ல பசளையென எண்ணி இதனைத் தோட்டத்தில் ஊற்ற வேண்டாம். வெங்காயமும் போஞ்சியும் உவரைப் பொறுக்க மாட்டா. கிணற்றடியிலும் ஊற்றலாகாது; அந்த உப்பு சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே கிணற்றில் இறங்கும். கலனில் அடைத்து, கிணறுகளுக்கு எட்டாத கடலோர உவர்த்தரையில் ஊற்றுக. விலைக்கு வாங்கிய மீனையோ அது வாழ்ந்த நீரையோ கடலிலும் களப்பிலும் விடவேண்டாம். அவற்றோடு நோயும் செல்லக்கூடும்.