தவறான விடைக்கும் ஒரு கேள்வி உண்டு

பலூன் ஒன்று வினாடிக்கு 10 மீட்டர் என்னும் சீரான வேகத்தில் நேர்மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அது 75 மீட்டர் உயரத்தை அடைந்ததும் அதிலிருந்து ஒரு கல் விடப்படுகிறது. கல் எத்தனை வினாடியில் தரையை அடையும்? புவியீர்ப்பு முடுக்கத்தை வினாடிக்கு வினாடி 10 மீட்டர் எனக் கொள்க. காற்றின் தடையைக் கருத வேண்டாம்.

மேனிலைப் பள்ளியில் இயற்பியல் படித்தவர் எவருக்கும் இது பழகிய கணக்குதான். பள்ளித் தேர்வுகளிலும் நுழைவுத் தேர்வுகளிலும் எண்களை மாற்றிக்கொண்டு அடிக்கடி தலைகாட்டும். நான் மாணவனாயிருந்தபோது, தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு மாலை வேளையில் பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நண்பர்கள் மூவர் இதைப் போட்டோம். மூன்று நோட்டில் மூன்று விடைகள்! ஒருவன் 3.87 வினாடி என்றான். இன்னொருவன் 3 வினாடி என்றான். எனக்கு 5 வினாடி வந்தது. சரியான விடை 5. பெருமைக்குக் கேட்க வேண்டுமா? மற்ற இருவர் நோட்டிலும் சிவப்பு மையால் குறுக்கே கோடு கிழித்து, என் வழியை முழுவதும் எழுதிக் கொடுத்தேன். உதவி செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

தேர்விலும் ஏறக்குறைய அதே கணக்கு வந்தது. உயரமும் வேகமும்தான் வேறு. வெளியே வந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, இருவரும் தத்தம் பழைய தவற்றையே புதிய எண்களில் செய்திருந்தது தெரிந்தது. "எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராதுடா" என்று சொன்ன ஒருவன் பள்ளி முடிந்ததும் வணிகவியலில் சேர்ந்தான். வணிகவியல் நல்ல படிப்புதான். ஆனால் அவன் அதை விரும்பிச் சேரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று நான் செய்த உதவியில் என்ன குறை? அவர்களுடைய விடைகள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்டுப் பார்ப்போம்.

முதலில் 3.87. கல்லை எறியவில்லை, விடத்தானே செய்தார்கள்? ஆகவே தொடக்கத் திசைவேகம் சுழி என்று அவன் வைத்துக்கொண்டான். 75 = 5 × நேரம்² என்றாகிறது. நேரத்தின் வர்க்கம் 15, நேரம் 3.87 வினாடி. கணக்கில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. தவறு 'விடப்படுகிறது' என்ற சொல்லைப் புரிந்துகொண்டதில் இருக்கிறது. ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் நாலடி ஓடித்தான் நிற்கிறார். பஸ்ஸின் வேகம் அவர் உடலிலும் இருக்கிறது அல்லவா? அதுபோலவே பலூனின் வேகம் கல்லிலும் இருக்கிறது. கையை விட்டு அகன்ற கணத்தில் அது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. பலூன் 75 மீட்டர் உயரத்தில் அசையாமல் நின்றிருந்தால் என் நண்பன் விடை மிகச் சரி.

அடுத்து 3. இவன் பலூனின் வேகத்தை மறக்கவில்லை. ஆனால் கீழ்நோக்கிய திசையை நேர்க்குறி என எடுத்துக்கொண்டவன், மேல்நோக்கிய 10-க்கும் அதே குறியைப் போட்டுவிட்டான். நேரத்தை 'நே' என்று குறித்தால் 75 = 10நே + 5நே² என்றாகும்; இதிலிருந்து நே = 3. இதுவும் பொய்யான விடையன்று. கல்லை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி எறிந்தால் எப்போது தரையை அடையும் என்ற கேள்விக்கு இதுவே விடை.

ஆக, நாங்கள் மூவரும் ஒரே கணக்கைப் போடவில்லை. மூன்று வெவ்வேறு கணக்குகளைச் சரியாகப் போட்டிருந்தோம்! கீழே எறிந்த கல்லுக்கு 3 வினாடி, சும்மா விட்ட கல்லுக்கு 3.87 வினாடி, மேலே ஏறிவிட்டு விழும் கல்லுக்கு 5 வினாடி. இந்த வரிசை அறிவுக்கு ஒத்ததாகவே இருக்கிறது. மேலே போய்த் திரும்ப வேண்டிய கல், நின்ற இடத்திலிருந்து விழும் கல்லைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? இந்த ஒரு வரியை நான் அன்று கேட்டிருந்தால், அவர்களே தங்கள் விடையைச் சந்தேகித்திருப்பார்கள். சிவப்பு மைக்கு வேலை இருந்திராது. (முடுக்கத்தை 9.8 என்று போட்டால் என் விடை 5.06 வினாடி ஆகும். 10 என்பது கணக்கு எளிதாக வர வைத்துக்கொண்டதுதான்.)

என் நோட்டிலும் ஒரு கோடு கிழித்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக வைத்து நான் எழுதியது −75 = 10நே − 5நே². ஐந்தால் வகுத்து ஒழுங்குபடுத்தினால் நே² − 2நே − 15 = 0. அதாவது (நே − 5)(நே + 3) = 0. மூலங்கள் 5, −3. 'நேரம் எதிர்க்குறியாக இராது' என்று எழுதி −3-ஐ அடித்துவிட்டேன். ஆசிரியரும் முழு மதிப்பெண் தருவார். ஆனால் அந்த −3 எங்கிருந்து வந்தது?

நேரத்தை நாம் கல்லை விட்ட கணத்திலிருந்து எண்ணுகிறோம். ஆகவே −3 என்றால் விடுவதற்கு 3 வினாடி முன்பு. சமன்பாட்டுக்குப் பலூன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 75 மீட்டர் உயரத்தில் மேல்நோக்கி 10 என்ற வேகத்துடன் ஒரு கல் இருக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அப்படியொரு கல் தரையிலிருந்தே எறியப்பட்டிருந்தால் எப்போது புறப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் கேளாமலே சொல்லிவிடுகிறது. 3 வினாடிக்கு முன், வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில். சரிபார்ப்போம்: 3 வினாடியில் அது ஏறும் உயரம் 120 − 45 = 75 மீட்டர்; மிஞ்சும் வேகம் 40 − 30 = 10. பொருந்துகிறது! (உண்மையான கல் அப்போது பலூனுக்குள் 45 மீட்டர் உயரத்தில் இருந்தது என்பது வேறு விஷயம்.)

இந்தப் பயணத்தைத் திரைப்படமாக எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் என்ன தெரியும்? 75 மீட்டர் உயரத்திலிருந்து 10 என்ற வேகத்தில் கீழ்நோக்கிப் புறப்படும் கல், 3 வினாடியில் தரையை 40 என்ற வேகத்தில் மோதும். இது என் இரண்டாவது நண்பனின் கணக்கு! அவனுடைய 3, என் நோட்டிலேயே எதிர்க்குறி அணிந்து உட்கார்ந்திருந்தது. நான் இரண்டையும் அடித்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும்.

இத்தகைய அனுபவம் பேராசிரியர்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர், 1990-ஆம் ஆண்டில் தம் மாணவருக்கு எளிய கருத்துக் கேள்விகள் சிலவற்றைக் கொடுத்தார். ஒரு கனமான லாரியும் ஒரு சிறு காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்றவை. நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களே தடுமாறினார்கள். நீங்கள் கற்பித்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று ஒரு மாணவி கேட்டாராம். பேராசிரியர் விளக்கிப் பார்த்தார், பயனில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்றார். சில நிமிடங்களில் தெளிவு பிறந்தது. நேற்றுப் புரிந்துகொண்டவனுக்குத் தான் எங்கே இடறினோம் என்பது இன்னும் நினைவிருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன் புரிந்துகொண்ட ஆசிரியருக்கு அது மறந்துவிட்டது. மஸூர் இதையே ஒரு கற்பித்தல் முறையாக்கி 1997-இல் நூலும் எழுதினார்.

கணிதத்திலும் இதே கதைதான். 'சைன் 2அ = கோசைன் அ' என்ற சமன்பாட்டை 0-க்கும் 360 பாகைக்கும் இடையே தீர்க்கச் சொன்னால், நண்பர் ஒருவர் இருபுறமும் கோசைன் அ-வால் வகுத்து, சைன் அ = ½ என்று கண்டு, 30, 150 என்று எழுதிவிடுவார். 90, 270 இரண்டும் காணாமற்போய்விட்டன. 'கோசைன் அ சுழியாக இல்லாதபோது' என்று ஒரு வரி சேர்த்தால் அவர் விடை முழுச் சரி. அந்த வரியை அவரே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். அடுத்த முறை வகுக்குமுன் கை தயங்கும்.

எல்லாத் தவறுக்கும் இப்படிப் பின்னால் ஒரு கேள்வி இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதினால் அது வெறும் கைத்தவறு. திருத்திவிட்டு மேலே போக வேண்டியதுதான். தேர்வுக்கு முன்தினம் இரவு பத்து மணிக்கு ஆராய்ச்சி செய்து கொண்டிருக்கவும் முடியாது. அப்போது வழியை எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நேரம் இருக்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு கார் ஓர் ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பியது. சராசரி வேகம் 45 என்கிறார் உங்கள் நண்பர். சரியான விடை 40. அதை நீங்கள் போட்டுவிடுவீர்கள். அவருடைய 45 எந்தக் கேள்விக்கு விடை?